கேம்பிரிட்ஜ் கணிதம்: டிரினிட்டியா, வேறு கல்லூரியா, ஓப்பன் அப்ளிகேஷனா? உதவி வேண்டும்

வைகைக்கரை

வணக்கம். மதுரையில் பிளஸ் டூ படிக்கிறேன். கேம்பிரிட்ஜில் கணிதத்துக்கு விண்ணப்பிக்கிறேன். பாடத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. யூகாஸ் (இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பம்) படிவத்தில் எந்தக் கல்லூரி என்று கேட்கும் இடத்தில்தான் நிற்கிறேன்.

எனக்கு ஆசை டிரினிட்டி. ராமானுஜன் இருந்த இடம் என்பதுதான் காரணம், வேறு பெரிய காரணம் இல்லை. அப்பா, "உலகமே அங்கதான் போட்டி போடும், கூட்டம் இல்லாத காலேஜாப் பார்த்துப் போடு" என்கிறார். பள்ளியில் கணக்கு சார், கல்லூரி எதையும் குறிப்பிடாமல் ஓப்பன் அப்ளிகேஷன் போடச் சொல்கிறார்.

கல்லூரியைப் பொறுத்து இடம் கிடைக்கும் வாய்ப்பு மாறுமா? டிரினிட்டி என்னை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டால் அதோடு கதை முடிந்ததா? இன்னொன்று, நான் சைவம். தினமும் கேன்டீனில் சாப்பிட முடியாது, நானே சமைத்துக்கொள்வேன். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையெல்லாம் பார்ப்பார்களா?

எப்சிலான்

அங்கே கணிதம் படித்தவன், டிரினிட்டியில் இல்லை.

முதலில் ஒன்று தெளிவாக வேண்டும். விரிவுரை, பாடத்திட்டம், தேர்வு, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. எந்தக் கல்லூரியில் இருந்தாலும் ஒரே ஹாலில் ஒரே விரிவுரையைத்தான் கேட்பீர்கள். கல்லூரி செய்வது மூன்று: உங்களைத் தேர்வு செய்வது, தங்க இடம் தருவது, சூப்பர்விஷன் ஏற்பாடு செய்வது. சூப்பர்விஷன் என்றால், எக்ஸாம்பிள் ஷீட் (விரிவுரையோடு தரும் பயிற்சித் தாள்) கணக்குகளைப் போட்டு முன்கூட்டியே கொடுத்துவிட்டு, நீங்களும் இன்னொரு மாணவரும் ஆசிரியர் எதிரே ஒரு மணி நேரம் உட்கார்வது. எந்த வரியில் வாதம் உடைகிறது என்று பென்சிலால் சுட்டுவார். அந்த இடத்திலிருந்து நீங்களே திரும்பக் கட்ட வேண்டும். அந்தப் படிப்பின் உயிரே அதுதான். அதை நடத்துபவர் பல நேரம் வேறு கல்லூரிக்காரராகக்கூட இருப்பார். அதனால் "பெரிய கல்லூரியில்தான் நல்ல வாத்தியார்" என்ற பயம் வேண்டாம்.

வாய்ப்பு பற்றி. டிரினிட்டிக்குக் கணிதத்தில் விண்ணப்பம் குவியும், உண்மை. ஆனால் இடமும் அங்கேதான் அதிகம். ஆண்டுக்கு 40 பேர் அளவில் எடுப்பார்கள்; பல கல்லூரிகளில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். டிசம்பர் நேர்காணல் முடிந்ததும், நல்ல மாணவர், ஆனால் எங்களிடம் இடம் இல்லை என்று கல்லூரி நினைத்தால் பெயரை வின்டர் பூலில் போடும். ஜனவரியில் மற்றக் கல்லூரிகள் அதிலிருந்து எடுக்கும். ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கானவர்கள் தாங்கள் கேட்காத கல்லூரியில் சேருவது இப்படித்தான். ஆக, டிரினிட்டி கைவிட்டால் கதை முடியாது. பூல் எல்லாவற்றையும் சமன் செய்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஆனாலும் "விண்ணப்பம் குறைந்த கல்லூரி" என்று கணக்குப் போட்டுத் தேடுவது வீண் வேலை. போன வருடம் கூட்டம் குறைந்த இடத்தில், அதே எண்ணைப் பார்த்துவிட்டு இந்த வருடம் எல்லோரும் வந்து நிற்பார்கள்.

ஓப்பன் அப்ளிகேஷன் என்றால் கல்லூரிக் கட்டத்தில் 9 என்று போடுவது. கணினியே ஒரு கல்லூரியை ஒதுக்கும். ஒதுக்கிய பிறகு பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது. எங்கே கிடைத்தாலும் சரி என்பவர்களுக்கு அது நல்ல வழி. நீங்கள் அப்படி இல்லை. சாப்பாடு, சமையல் என்று உங்களுக்குத் தேவைகள் இருக்கின்றன.

கீழவாசல் அம்மா

என் பையன் அங்கே இரண்டாம் ஆண்டு, இன்ஜினியரிங். இங்கிருந்து போகிற பிள்ளை கல்லூரியைப் பார்க்கும்போது மூன்று விஷயம் பாரும்மா. கட்டட அழகு நாலு நாளில் பழகிவிடும்.

முதலாவது பணம். வெளிநாட்டு மாணவர்களுக்கு டியூஷன் கட்டணம் தவிர, கல்லூரிக் கட்டணம் என்று தனியாக உண்டு. ஆண்டுக்கு 10,000 பவுண்டை ஒட்டி வரும், கல்லூரிக்குக் கல்லூரி மாறும். முழுப் படிப்புக்கும் பணம் இருக்கிறது என்று கல்லூரிக்குக் காட்ட வேண்டியும் வரும். அப்பாவை இப்போதே உட்கார்ந்து கணக்குப் பார்க்கச் சொல்.

இரண்டாவது விடுமுறை. பருவம் ஒவ்வொன்றும் எட்டு வாரம்தான். டிசம்பரிலும் மார்ச்சிலும் அறையைக் காலி செய்யச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. உள்ளூர்ப் பிள்ளைகள் காரில் சாமானை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். நம் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போகும்? விடுமுறையில் தங்க விடுவார்களா, வாடகை எவ்வளவு, பெட்டிகளை வைக்க இடம் உண்டா, இந்த மூன்றையும் மின்னஞ்சலில் கேள்.

மூன்றாவது அடுப்பு. அங்கே மாடிக்கு மாடி இருக்கும் சின்னச் சமையல் அறையை ஜிப் ரூம் என்பார்கள். பல பழைய கல்லூரிகளில் அதில் ஒரு ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், கெட்டில், அவ்வளவுதான். தாளிக்க வழி கிடையாது. அறைக்குள் குக்கர் வைக்கவும் விட மாட்டார்கள், புகை அலாரம் அடித்துவிடும். பையன் முதல் வருடம் மைக்ரோவேவில் சாதம் வைத்து, ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடியும் நெய்யும் போட்டுத்தான் சமாளித்தான். இந்த வருடம் ஹாப் (அடுப்பு) உள்ள விடுதி கிடைத்ததும் ஆளே மாறிவிட்டான். ஒரே கல்லூரியிலேயே கட்டடத்துக்குக் கட்டடம் இது மாறும், அதனால் முதலாம் ஆண்டு மாணவர்களை எங்கே போடுவார்கள் என்று குறிப்பாகக் கேள்.

எப்சிலான்

அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். ராமானுஜனும் 1914இல் போனவர், டிரினிட்டியின் ஹ்யூவெல்ஸ் கோர்ட் அறையில் தன் சைவச் சாப்பாட்டைத் தானே சமைத்துத்தான் சாப்பிட்டார். போர்க்காலத்தில் அது அவரை எவ்வளவு வாட்டியது என்று எண்ணும்போது இன்றும் மனம் கனக்கிறது. சாப்பாட்டைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

தூரமும் பாருங்கள். நான் படித்தபோது முதல் இரண்டு ஆண்டு விரிவுரைகள் ஊர் நடுவில், சனிக்கிழமை காலையிலும் உண்டு. கடைசி ஆண்டு வில்பர்ஃபோர்ஸ் சாலையில் இருக்கும் கணித மையத்தில். சர்ச்சில் கல்லூரியிலிருந்து அந்த மையம் நடந்து போகும் தூரம். கர்ட்டன் கல்லூரி ஊருக்கு வெளியே 4 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஜனவரிக் குளிரில் சைக்கிள் மிதிக்கத் தயாரா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை

ரொம்ப நன்றி அண்ணா, அம்மா. நான் பெண். ஓப்பன் போட்டால் பெண்கள் கல்லூரி வரலாமா?

எப்சிலான்

வரலாம் தங்கச்சி. நியூனமும் மரே எட்வர்ட்ஸும் பெண்களுக்கு மட்டுமானவை. பூல் வழியாகவும் அங்கே இடம் கிடைக்கலாம். விரிவுரைக்கு எல்லோரும் ஒன்றாகத்தான் போவார்கள், மாலையில் திரும்பும் இடம் மட்டும் வேறு. மரே எட்வர்ட்ஸ் கணித மையத்துக்கும் பக்கம்தான்.

டர்ஹம்வாசி

ஒரு சின்னக் குறிப்பு, வேறு பல்கலைக்கும் போடுகிறவர்களுக்காக. இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலையில் 17 கல்லூரிகள் இருக்கின்றன, ஆனால் அவை பாடம் நடத்துவதில்லை. உங்களைத் தேர்வு செய்வதும் துறைதான். கேம்பிரிட்ஜுக்குச் சொல்வதை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். ஒரே ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும் இளங்கலைக்குப் போட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வைகைக்கரை

அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். டிரினிட்டி, சர்ச்சில், மரே எட்வர்ட்ஸ் மூன்றுக்கும் விடுமுறைத் தங்கல், முதலாம் ஆண்டு அடுப்பு, கல்லூரிக் கட்டணம் கேட்டு எழுதியிருக்கிறேன். டிரினிட்டி பதில் சரியாக இருந்தால் அதுவே. அப்பா, "சரி, உன் இஷ்டம், ஆனா வேற இடத்துல கிடைச்சா அழக்கூடாது" என்றார். ஒத்துக்கொண்டேன்.

எப்சிலான்

நல்ல முடிவு. கடைசி நாள் அக்டோபர் 15, இங்கிலாந்து நேரம் மாலை 6, நம்மூரில் இரவு 10:30. ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் அதற்குள் ஏறியிருக்க வேண்டும் என்பதால் சாரிடம் செப்டம்பரிலேயே கேட்டுவிடு. அப்புறம் கல்லூரியை மறந்துவிட்டு ஸ்டெப் (கேம்பிரிட்ஜ் கணிதச் சேர்க்கைக்கான தேர்வு) கணக்குகளைப் போட ஆரம்பி. எந்தக் கல்லூரி ஆஃபர் கொடுத்தாலும் ஜூன் மாதம் ஸ்டெப் 2, ஸ்டெப் 3 இரண்டும் எழுதியாக வேண்டும். ஆஃபர் வாங்கியவர்களில் கணிசமானோர் அங்கேதான் நழுவுகிறார்கள். பழைய தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கணக்குக்கு அரைமணி நேரம் வைத்துக்கொண்டு, விடையைப் பார்க்காமல் போடு. இந்தியாவில் எந்த மையத்தில் எழுதலாம் என்பதையும் இப்போதே விசாரித்து வை.