ஆரம்ப சுகாதார நிலையத்து லேப் அக்கா

அரசு மருத்துவமனைகளில் தங்களுக்கு உதவியவர்களைப் பற்றி இங்கே அனுபவங்களைப் பகிர்ந்தவர்களில் பெரும்பாலோர் பிரசவம் பார்த்த செவிலியரைப் பற்றியும் நள்ளிரவில் எழுந்து வந்த மருத்துவரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். நான் எழுத விரும்புவது நோயாளிகள் நின்று முகம் பார்த்துப் பேசாத ஒருவரைப் பற்றி. ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஆய்வக நுட்பநர் அவர். ஊரார் 'லேப் மேடம்' என்பார்கள். எங்கள் வீட்டில் இன்று அவர் 'லேப் அக்கா'.

என் தந்தை பட்டு நெசவாளர். தரைக்குழியில் காலை வைத்து உட்கார்ந்து நெய்யும் குழித்தறியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக உட்கார்ந்தவர். 2022 இறுதியில் அவருக்குத் தொடங்கிய இருமலை அவர் நூல் தூசியின் மீது போட்டார். நாங்களும் அதையே நம்பினோம். ஒரு தனியார் கிளினிக்கில் இரண்டு மாதங்களாக மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார்களே தவிர, சளியைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அரசு மருத்துவமனைச் சுவர்களிலெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அதைப் பலமுறை கடந்துபோயும் நான் ஒருநாளும் நின்று படித்ததில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது. மாலைக் காய்ச்சலும் இரவு வியர்வையும் சேர்ந்து, வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு அவர் மெலிந்த பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். எடை 41 கிலோ.

மருத்துவர் சீட்டு எழுதி ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே ஜன்னல் வழியாக ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார்கள். அப்பா ஓரமாகப் போய்த் துப்பிக் கொண்டுவந்து கொடுத்ததும், அந்த அக்கா டப்பாவை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இது எச்சில்ங்கய்யா, சளி இல்லை. இதைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது" என்றார். அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பலர் பார்க்கத் தன்னைத் திருப்பி அனுப்பியதாக அவர் நினைத்துக்கொண்டார். ஆனால் அந்த அக்கா முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு ஜன்னலை விட்டு வெளியே வந்து, எங்களைக் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனார். வாயை வெறும் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, சற்றுத் தள்ளி நின்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து நிறுத்தி, அடிநெஞ்சிலிருந்து இருமுவது எப்படி என்று தானே செய்து காட்டினார். வெயிலும் காற்றும் உள்ள திறந்த வெளியில் எடுத்தால்தான் கிருமி மற்றவர்கள் மேல் படாது என்பதையும் அப்போதே சொன்னார். மறுநாள் விடியற்காலை மாதிரிக்கென்று இன்னொரு டப்பாவைக் கொடுத்தபோது, அப்பாவுக்கான எண்ணை மூடியில் எழுதாமல் டப்பாவின் பக்கவாட்டில் எழுதியதைக் கவனித்துக் காரணம் கேட்டேன். "மூடி மாறிப்போச்சுன்னா ஆளே மாறிப்போயிடும் தம்பி" என்றார்.

முடிவு 2+ என்று வந்தது, அதாவது சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. மாதிரியின் ஒரு பகுதி கிருமியின் மரபணுவைப் பார்க்கும் ட்ரூநாட் கருவியிலும் பரிசோதிக்கப்பட்டு, காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படும் என்று உறுதியானதும் சிகிச்சை தொடங்கியது. எல்லாக் காசநோயாளிகளுக்கும் செய்வதுபோல அப்பாவுக்கும் சர்க்கரைப் பரிசோதனையும் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்தார்கள், சர்க்கரை இருப்பது அதில்தான் தெரிந்தது. வீட்டிலிருந்த எங்கள் எல்லோரையும் பரிசோதித்து, என் நான்கு வயது மகளுக்கு நோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, தடுப்பு மருந்து கொடுத்தார்கள்.

முடிவு வந்த அன்று அப்பா அந்த அக்காவிடம் கேட்ட ஒரே கேள்வி, "என்னைத் தாம்பரம் சானடோரியத்துக்கு அனுப்பிடுவாங்களாம்மா?" என்பதுதான். காசநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை கொடுத்த மருத்துவமனை அது. அவருடைய பெரியப்பா அங்கே போய்த் திரும்பி வராதவர். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை ஆய்வக நுட்பநருக்கு இல்லை. ஆனாலும் அவர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுப் பதில் சொன்னார். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வில் காசநோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறு பகுதியினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்துப் பார்த்ததையும், நெருக்கடியான வீடுகளில் சாதாரணச் சாப்பாட்டோடு இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானதையும், அவர்களோடு ஒரே வீட்டில் இருந்த குடும்பத்தினருக்கு அதனால் கூடுதல் ஆபத்து ஏற்படவில்லை என்று தெரியவந்ததையும் எளிமையாகச் சொன்னார். "வீட்டுலயே இருந்து மருந்து சாப்பிட்டா போதும்னு உலகத்துக்கே காட்டினது நம்ம மெட்ராஸ்தாங்கய்யா. நீங்க வீட்டுலயே இருங்க, மாத்திரையை மட்டும் விடாதீங்க." அன்று இரவு அப்பா பல வாரங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

முதல் இரண்டு மாதங்கள் மருந்து ஒழுங்காகப் போயிற்று. எடைக்கு ஏற்ப நாளுக்கு மூன்று மாத்திரை. இரண்டாம் மாத முடிவில் எடுத்த சளியில் கிருமி இல்லை. அந்தச் சமயத்தில் ஒருநாள் கூட்டம் குறைந்திருந்தபோது, கிருமி இருந்த பழைய பாசிட்டிவ் சிலைடு (சளி தடவிய கண்ணாடித் தகடு) ஒன்றை நுண்ணோக்கியில் வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். நீலப் பரப்பில் மெல்லிய சிவப்பு இழைத் துணுக்குகள் அங்கங்கே கிடந்தன. தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் அறுந்து விழுந்த பட்டு நூல் துணுக்குகளைப் போலவே எனக்குத் தோன்றியது. அவர் அப்போது சொன்னதை நான் மறக்கவில்லை: "பாசிட்டிவ்னு எழுதறது சுலபம் தம்பி. நெகட்டிவ்னு எழுதத்தான் நேரம் ஆகும். நூறு ஃபீல்டு பார்க்கணும்." காலையில் இரத்தம் எடுக்க வரிசையில் நிற்கும் கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், காய்ச்சல்காரர்கள் எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு, ஒவ்வொரு சிலைடிலும் அந்த நூறு இடங்களையும் அவர் ஒருவராகவே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது ஆண்டுகளாக ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் வேலை செய்பவர் என்பது பிறகுதான் தெரிந்தது. இவ்வளவு பொறுப்பான வேலையில் இருப்பவர்களை நிரந்தரமாக்காமல் வைத்திருப்பது சரியல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நான் இதை எழுத முக்கியக் காரணம் நான்காம் மாதத்தில் நடந்த ஒன்று. சர்க்கரைக்கான மாதாந்திரப் பரிசோதனைக்காக அப்பாவை அழைத்துப் போயிருந்தேன். இரத்தத்தோடு சிறுநீரும் கேட்டிருந்தார்கள். அப்பா கொண்டுவந்து வைத்த குப்பியை அந்த அக்கா எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒருகணம் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்து, மருந்தகத்தில் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்கி வரச் சொன்னார். அங்கே வரிசை நீளமாக இருந்தது. நான் திரும்பி வந்தபோது அப்பா தலை குனிந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அக்கா அடுத்தவருக்கு இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

பைக்கில் பாதி வழி வந்த பிறகு அப்பாவே பேசினார். ஒன்பது நாட்களாக மாத்திரை போடவில்லை. இருமல் நின்றுவிட்டது, எடையும் ஏறிவிட்டது. முகூர்த்த நாளுக்கு முடிக்க வேண்டிய சேலை தறியில் இருந்தது. மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டித் தறியில் உட்கார முடியவில்லை என்று நிறுத்திவிட்டு, எங்களுக்குத் தெரியாமல் தினமும் மாத்திரைகளைப் பிரித்து எறிந்திருக்கிறார். ரிஃபாம்பிசின் சாப்பிடுபவரின் சிறுநீர் ஆரஞ்சு நிறமாக இருக்கும். அன்று அந்தக் குப்பியில் இருந்தது வெளிர் மஞ்சள். "ஐயா, காலைல மாத்திரை போட்டீங்களா?" என்று அக்கா மெதுவாகக் கேட்டிருக்கிறார். "போட்டேன்மா" என்று அப்பா சொன்னதும், குப்பியை அவர் கண்முன் வைத்துவிட்டு, "உங்க பையனை அனுப்பிட்டுத்தான் கேட்கிறேன், என்கிட்டச் சொல்லுங்க" என்றிருக்கிறார்.

அவர் கோபப்படவில்லை என்பதை அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார். பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம், பிறகு சிகிச்சை இன்னும் நீண்டதாகவும் கடினமாகவும் ஆகிவிடும் என்று விளக்கியிருக்கிறார். அதே வேளையில் இதை மறைக்க முடியாது, சிகிச்சை மேற்பார்வையாளரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதையும் நேராகச் சொல்லிவிட்டார். மறுநாள் மேற்பார்வையாளர் வீட்டுக்கு வந்தார். மருத்துவர் ஆலோசனைப்படி விட்டுப்போன நாட்களுக்கான மருந்தையும் சேர்த்து முடிப்பது என்று முடிவாயிற்று. வயிற்றுப் புரட்டலுக்கும் மருந்து கொடுத்தார்கள். "என் மகன் முன்னால் என்னைத் தலைகுனிய வைக்காமல் கேட்டாள் அந்தப் பெண்" என்று அப்பா பல நாட்கள் சொல்லிக்கொண்டிருந்தார். மகனாக நான் என்ன கத்தியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். அவர் என்னை அன்று அனுப்பிவைத்ததற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அதன் பிறகு அப்பா ஒருநாளும் மருந்தை விடவில்லை. சிகிச்சை முடிந்தபோது எடை 46 கிலோ. கடைசிச் சளியும் நெகட்டிவ். ஆனாலும் சிகிச்சை முடிந்த பிறகு இரண்டு ஆண்டுகள் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அக்கா சொல்லியிருந்தார். முதல் ஆறு மாதம் முடிந்த அன்று அப்பா யாரையும் எழுப்பாமல் விடியற்காலையில் கொல்லைப்புறம் போய், வாய் கொப்பளித்து, மாதிரி எடுத்து, டப்பாவின் பக்கவாட்டில் எண் இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டுத் தனியாகவே பஸ் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பிற்பகலில் என் கைபேசிக்கு அழைப்பு வந்தது. "நூறும் பார்த்துட்டேன் தம்பி, ஒண்ணும் இல்லை. அப்பாகிட்ட ஃபோனைக் குடுங்க, நானே சொல்றேன்" என்றார். நான் தறிக்கருகே போய் அப்பாவிடம் நீட்டினேன். அவர் ஊடை நூல் ஓட்டும் நாடாவைப் பாவின் மேல் வைத்துவிட்டு, குழியிலிருந்து எழுந்து நின்று, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.