‘நியூரோமாடுலேட்டர்’: ‘நரம்புப் பதமாக்கி’ என்னும் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

நரம்பு செல்கள் செய்திகளுக்கு எதிர்வினை காட்டும் அளவை மாற்றியமைக்கும் மூளை வேதிப்பொருளை ஆங்கிலத்தில் ‘நியூரோமாடுலேட்டர்’ என்பர். இதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த உரையாடலில் இதுவரை ‘நரம்புப் பண்பேற்றி’, ‘நரம்புக் கட்டுப்படுத்தி’ என்னும் இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் இலக்கணப்படி சரியானவையே. ஆனால் அந்த வேதிப்பொருள்கள் மூளைக்குள் செய்யும் வேலையோடு ஒப்பிட்டால், இரண்டுமே படிப்பவரைத் தவறான திசைக்கு அழைத்துச் செல்லும் என்று கருதுகிறேன்.

மூளைத்தண்டின் பான்ஸ் பகுதியில் ‘லோகஸ் செருலியஸ்’ என்னும் நீலநிறத் திட்டு இருக்கிறது. மனித மூளையின் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்களில் இத்திட்டுக்கு உரியவை இரு பக்கமும் சேர்த்துச் சில பத்தாயிரம் மட்டுமே. ஆயினும் அவற்றின் இழைகள் பெருமூளையின் மேலடுக்கான புறணி முழுவதும் கிளைத்துப் பரவி, நார்அட்ரினலின் என்னும் நியூரோமாடுலேட்டரைச் சுரக்கின்றன. 1964இல் சுவீடனைச் சேர்ந்த டால்ஸ்ட்ரோம், ஃபுக்சே இருவரும் ஒளிர்வு முறையால் இத்தகைய செல் கூட்டங்களை வரைபடமாக்கியபோது இதற்கு ஏ6 என்று எண்ணிட்டார்கள். புறணியின் முன்பகுதிக்கு டோப்பமைன் என்னும் இன்னொரு நியூரோமாடுலேட்டரை அனுப்பும் நடுமூளைக் கூட்டம் ஏ10 ஆயிற்று. குளூட்டமேட் போன்ற கடத்திகள் ஒரு செல்லின் செய்தியை அடுத்த செல்லுக்கு மில்லிநொடிகளில் சேர்த்துவிடுகின்றன. நார்அட்ரினலினும் டோப்பமைனும் பெரும்பாலும் மெதுவாக இயங்கும் ஏற்பிகளின் (வேதிப்பொருள் வந்து ஒட்டும் செல் புரதங்களின்) வழியே, வந்துசேரும் செய்திக்குச் செல் எவ்வளவு வலுவாக எதிர்வினை காட்ட வேண்டும் என்பதை மாற்றியமைக்கின்றன.

‘பண்பேற்றி’ இங்கேதான் பொருந்தாமல் போகிறது. நம் இயற்பியல் பாடநூல்களில் பண்பேற்றம் என்றால் செய்தியை ஊர்தி அலையின்மீது ஏற்றுவது; வானொலி அப்படித்தான் இயங்குகிறது. டோப்பமைனோ வேறொரு பாதையில் வரும் செய்தியைப் புறணி ஏற்கும் நிலையை மாற்றுகிறது.

‘கட்டுப்படுத்தி’யில் உள்ள சிக்கல் இன்னும் ஆழமானது. ஒரு குறிக்கோளை மனத்தில் நிறுத்திக் கவனச்சிதறலை விலக்கும் அறிதிறன் கட்டுப்பாடு முன்நெற்றிப் புறணியைப் பெரிதும் சார்ந்தது. இந்த வேதிப்பொருள்கள் அப்புறணியைப் பணிக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்கின்றன. 1979இல் ப்ரோசோஸ்கி, பட்ரீசியா கோல்ட்மன் உள்ளிட்ட குழுவினர் ரீசஸ் குரங்குகளின் முன்நெற்றிப் புறணியில் டோப்பமைனை அழித்தபோது, சற்று முன் எப்பக்கம் தேர்ந்தோம் என்பதை நினைவில் வைத்து அடுத்த தேர்வை மாற்றிச் செய்யும் திறன், அப்புறணியையே வெட்டி எடுத்ததற்கு நிகராகக் குன்றியது. ஆதரவாக நிற்பதையும் ஆள்வதையும் ஒரே சொல்லால் குறித்தால், அந்த ஆய்வின் நுட்பத்தையே தமிழில் விளக்க முடியாது.

ஆகவே ‘நரம்புப் பதமாக்கி’ என்பதை முன்மொழிகிறேன். மண் பதமாக இருந்தால்தான் ஏர் ஓடும். காய்ந்தாலும் ஆகாது, சேறானாலும் ஆகாது. பதம் என்ற சொல்லுக்குள் இருக்கும் இந்த இருபக்க எல்லைதான் இப்பொருள்களின் முதன்மையான இயல்பு. நார்அட்ரினலின் மிகக் குறைந்தால் தூக்கக் கலக்கம். மிகுந்தால், கடும் மனஅழுத்தத்தின்போது போல, முன்நெற்றிப் புறணியின் பிடி தளர்கிறது. ஆஸ்டன்-ஜோன்ஸ், கோஹன் ஆகியோர் 2005இல் தொகுத்துரைத்த கருத்தின்படி, அந்த நீலத்திட்டு அளவான அடிநிலைத் துடிப்போடு இருந்து, பொருளுள்ள குறி தோன்றும்போது மட்டும் குறுகிய வெடிப்பாகத் துடித்தால் கவனம் நிலைக்கிறது. அடிநிலைத் துடிப்பே ஓயாமல் உயர்ந்திருந்தால் கவனம் அலைபாய்கிறது. தலைகீழ் ‘யு’ வடிவ வளைகோடாக ஆய்வாளர்கள் வரைந்து காட்டுவதை, ‘பதம்’ என்று கேட்டதும் தமிழர் விளக்கமின்றியே உணர்வார்கள்.

‘பதப்படுத்தி’ என்று சொல்லலாமா என்ற கேள்வி எழக்கூடும். தோல், மீன், பழச்சாறு ஆகியவற்றைக் கெடாமல் காப்பதற்கே அச்சொல் இன்று பெரிதும் வழங்குவதால் அதைத் தவிர்க்க வேண்டும். ‘பதமி’ என்று சுருக்குவதிலும் எனக்கு உடன்பாடில்லை. ஆக்கும் வினை அதில் மறைந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் சொல்லடைவில் தெளிவாகக் குறிக்க வேண்டும்: பதமாக்கி என்பது ஒரு பணியின் பெயர். அசிட்டைல்கோலின் தசையில் விரைவான கடத்தி. புறணியில் கவனத்தைக் கூர்மையாக்கும் பதமாக்கி. எனவே ஒரே பொருளுக்கு நேரே ‘நரம்புணர்வு கடத்தி’, ‘நரம்புப் பதமாக்கி’ என இரண்டு வகைப்பெயரும் வரலாம். ‘நியூரோமாடுலேஷன்’ என்பதற்கு ‘நரம்புப் பதமாக்கம்’ என்றும், ‘லோகஸ் செருலியஸ்’ என்பதற்கு ‘நீலத்திட்டு’ என்றும் இதனுடன் சேர்த்து முன்வைக்கிறேன். மருத்துவம் பயிற்றுவிப்போர் இவற்றை வகுப்பில் சொல்லிப் பார்த்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.