பல் விற்கிற இடத்தில் நின்றுவிட்டேன், மேலே படிக்கலாமா?

பாளை_வாசகன்:
விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசெராப்ல' நாவலைச் சின்ன வயதில் தாத்தா அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தது, சுத்தானந்த பாரதியார் மொழிபெயர்த்த 'ஏழை படும் பாடு'. இப்போது இங்கிலீஷில் முழுசாகப் படிப்போம் என்று ஆரம்பித்து, ஃபான்டீன் தன் முன்பல் இரண்டையும் விற்கிற இடத்தில் மூடி வைத்து ஒரு வாரம் ஆகிறது. ரொட்டி திருடப் போனவனுக்கு 5 வருஷம், தப்பிக்கப் பார்த்ததற்கு இன்னும் 14 என்று 19 வருஷம் ஜெயிலில் போட்டதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இந்தப் பெண்ணுக்கு முதலில் வேலை போகிறது, அப்புறம் முடி, அப்புறம் பல். நம்மை அழவைக்கவே அடுக்கினாரோ என்று தோன்றிவிட்டது. இன்னொன்று, நடுவில் வருகிற வாட்டர்லூ போர்ப் பகுதியைப் படிக்காமல் தாண்டிப் போனால் கதை விட்டுப்போகுமா?

சுளவும்_கத்தரியும்:
அண்ணாச்சி, அழவைக்க மட்டும் எழுதுகிறவர் கூலிக் கணக்கு எழுதமாட்டார். முடி 10 பிராங்க், பல் 40 பிராங்க். சிறைக் கைதிகளை வைத்து மலிவாகத் தைக்கும் ஒப்பந்தக்காரன் வந்ததும் தையல்காரிகளின் கூலி விழுந்து, 17 மணி நேரம் தைத்தாலும் நாளுக்கு 9 ஸூதான் (20 ஸூ சேர்ந்தால் ஒரு பிராங்க்). அந்தப் பக்கத்தை ஆலங்குளம் பக்கம் எந்த வீட்டுத் திண்ணையில் வாசித்தாலும் புரிந்துகொள்வார்கள். எங்கம்மா சுளவை (முறத்தை) மடியில் வைத்து விடியவிடிய பீடி சுற்றிக் கொண்டுபோவாள், கடையில் ஒருத்தர் கட்டைப் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று கைநிறைய எடுத்துக் கழித்துவிடுவார். அந்த இலையும் தூளும் அம்மா கணக்கில்தான் ஏறும். அவள் அழுது நான் பார்த்ததில்லை, வீட்டுக்கு வந்து விரலை மடக்கிக் கூட்டிப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

ஃபான்டீனும் அந்த இடத்தில் அழவில்லை, கவனித்தீர்களா? மெழுகுவத்தி வெளிச்சத்தில் சிரிக்கிறாள். உதட்டோரம் ரத்தம், வாயில் கறுப்பாக ஒரு ஓட்டை, மேசையில் இரண்டு தங்கக் காசு. பிள்ளை கோசெத்தை வளர்க்கக் கொடுத்திருந்த சத்திரக்காரன் தெனார்டியேவிடமிருந்து, அவளுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வந்ததால் விற்றாள். காய்ச்சலே கிடையாது, அது பொய். முடி விற்ற காசில் வாங்கி அனுப்பிய கம்பளிப் பாவாடையையும் அந்தச் சத்திரக்காரன் தன் மகளுக்குப் போட்டுவிட்டான். அதைப் படித்துத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தீப்பெட்டி_மூளை:
கூலிக் கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கே திரும்பினாலும் அதே தெனார்டியே வந்து நிற்கிறானே! வாட்டர்லூவில் பிணத்தின் சட்டைப்பையில் கைவிடுகிறவனும் அவன், கோசெத்தை வேலை வாங்குகிறவனும் அவன், கடைசியில் பாரிஸ் சாக்கடைக்குள்ளும் அவனே. வாட்டர்லூவில் அந்தப் பள்ளப் பாதையில் குதிரைகளும் வீரர்களும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நிரம்ப, மற்றவர்கள் அதன்மேல் ஏறிப் போகிற காட்சி தூக்கத்தில்கூட வரும். ஆனால் ஹ்யூகோ சொன்ன அளவுக்கு நடந்ததாகச் சரித்திரக்காரர்கள் ஏற்பதில்லை. அவசரமென்றால் வாட்டர்லூ பகுதியின் கடைசி அத்தியாயத்தை மட்டும் படியுங்கள், கதைக்குத் தேவையானது அதில்தான் இருக்கிறது. (எங்கள் வீட்டில் அப்பாவுக்கு இந்தக் கதை என்றால் 1950-ல் நாகையா நடித்து வந்த 'ஏழை படும் பாடு' படம்தான். போலீஸ்காரனாக நடித்த சீதாராமனுக்கு 'ஜாவர்' என்ற பேர் ஒட்டிக்கொண்டது அதிலிருந்துதான்.)

சுளவும்_கத்தரியும்:
தெனார்டியே விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. பாளை அண்ணாச்சி, நீங்கள் கோசெத் தண்ணீர் எடுக்கப் போகிற இடம் வரைக்குமாவது வாருங்கள். எட்டு வயது, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, காட்டுக்குள் ஊற்று, ஆளைவிடப் பெரிய வாளி. பயம் போக ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்து வரை சத்தமாக எண்ணி, முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

பாளை_வாசகன்:
நேற்று ராத்திரி அந்த இடத்துக்கு வந்துவிட்டேன். வாட்டர்லூவில் கடைசி அத்தியாயம் மட்டும்தான் படித்தேன், திட்டாதீர்கள். குளிரில் அந்த இரும்புக் கைப்பிடி அவள் விரலை மரத்துப்போக வைப்பதும், நாலு எட்டுக்கு ஒருதரம் வாளியைக் கீழே வைப்பதும், வெறும் காலில் தண்ணீர் தளும்பி விழுவதும்... எங்கள் கிணற்று வாளிக் கைப்பிடியில் ஆச்சி பழைய சேலைத் துணியைச் சுற்றி வைத்திருப்பாள். அது எதற்கென்று நான் கேட்டதே இல்லை.