‘பரனோயிட்’ இசைத்தொகுப்பு இன்றும் நம்மைப் பிடித்து வைத்திருப்பது எதனால்?

உவர்மலையான்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கோயில் நாதசுவரத்தோடும் வானொலியில் கேட்ட பழைய திரைப்பாடல்களோடும் வளர்ந்தவன் நான். ரொக் இசையின் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. 2025 யூலை 22 ஆம் திகதி ரொக் பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் காலமானார் என்ற செய்தி வந்த இரவு, உயர்தரம் படிக்கும் என் மகன், அவர் பாடிய பிளாக் சபாத் குழுவின் ‘பரனோயிட்’ தொகுப்பை முழுவதுமாக ஒலிக்கவிட்டான். சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் அவனது அறைக்குப் போனேன். போனவன் கடைசிப் பாட்டு முடியும்வரை அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அது 1970 செப்ரெம்பரில் வெளிவந்தது என்று அவன் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. இளமையில் கேட்ட பாட்டு என்றால் பழைய நினைவு இழுக்கிறது என்று சொல்லிவிடலாம், ஆனால் எனக்கும் அவனுக்கும் அப்படியொரு நினைவே கிடையாது. அப்படியிருக்க இந்த இசையில் எங்களைப் பிடித்து வைத்தது எது? விபரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கசற் பெட்டி:
அண்ணா, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல எழுதுகிறேன். பிளாக் சபாத் குழுவின் நால்வரும் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்தவர்கள். கிற்றார் வாசிக்கும் டொனி அயோமி பதினேழு வயதில் தகட்டு இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே அவருக்குக் கடைசி வேலைநாளாக இருந்த அன்று இயந்திரத்தில் அகப்பட்டு வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர் என்பதால் தந்திகளை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி மறுபடி வாசிக்கப் பழகினார். தந்தியின் சுருதியை இறக்கியதும் அதனால்தான். நீங்கள் கேட்ட கனம் அங்கிருந்து வந்தது.

இது அவர்களின் இரண்டாவது தொகுப்பு. முதலாவது அதே ஆண்டு பெப்ரவரியில் வந்திருந்தது. இதற்கு முதலில் ‘வோர் பிக்ஸ்’ என்றே பெயர் வைக்க நினைத்தார்கள். பிறகு பெயர் மாறியது, ஆனால் வாளும் கேடயமும் ஏந்தியவனின் அட்டைப்படம் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் படத்துக்கும் தலைப்புக்கும் தொடர்பே இல்லாமல் போனது இப்படித்தான். தலைப்புப் பாட்டோ தொகுப்பின் நேரத்தை நிரப்புவதற்காகக் கடைசியில் அவசரமாகச் செய்யப்பட்டது. அது பிரித்தானிய விற்பனை வரிசையில் நான்காம் இடத்துக்கும் தொகுப்பு முதலிடத்துக்கும் போயின. அடுத்த முறை அங்கே முதலிடம் பிடிக்க அவர்களுக்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுரவரிசை:
தம்பி சொன்னதில் ஒரு திருத்தம். சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கியது 1971 இல் வந்த ‘மாஸ்ரர் ஒஃப் ரியாலிற்றி’ தொகுப்பில்தான். ‘பரனோயிட்’ தொகுப்பில் உள்ள ‘வோர் பிக்ஸ்’, ‘அயர்ன் மேன்’ ஆகிய இரண்டு பாட்டுகளும் வழக்கமான சுருதியிலேயே வாசிக்கப்பட்டவை. ஆகவே இந்தத் தொகுப்பின் கனத்துக்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். என் காதுக்கு அது காலப்பிரமாணத்திலும் இடைவெளியிலும் இருக்கிறது. ‘வோர் பிக்ஸ்’ பாட்டில் ஒஸி பாடும் வரிகளுக்குக் கீழே கிற்றார் பெரும்பாலும் மௌனமாகி, டிரம் வாசிக்கும் பில் வார்டின் தாளத்தட்டு மட்டும் கணக்கை எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த வெறுமைக்குள் இரண்டே அடியாகக் கிற்றார் வந்து விழும்போது, சத்தம் கூடாமலே பாரம் கூடுகிறது. வில்லுப்பாட்டில் குடம் நின்று மீண்டும் ஒலிக்கும் இடத்தைக் கவனித்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், வயலின் கற்பிக்கிறவள் என்பதால் என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ‘பரனோயிட்’ பாட்டின் தொடக்கத்தில் கிற்றார் ஓடும் சுரங்கள் ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், ப, கைசிகி நிஷாதம் ஆகிய ஐந்துதான். நம்முடைய சுத்த தன்யாசி இராகத்தின் சுரங்களும் அவையே. கமகம் இல்லாததால் அதை இராகம் என்று சொல்லமாட்டேன், ஆனால் நாதசுவரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ஐந்து சுரங்கள் அந்நியமாக இருக்க வழியில்லை.

உப்புவெளிக் காற்று:
எல்லோரும் கனத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ‘பிளனற் கரவன்’ பாட்டை இரவில் கடற்கரையில் இருந்து கேட்டுப் பாருங்கள். சுழலும் ஒலிபெருக்கி வழியாக ஒஸியின் குரல் தண்ணீருக்கடியில் இருந்து வருவதுபோல் வரும். இத்தனை மென்மையான ஒன்றை ‘அயர்ன் மேன்’ பாட்டுக்கு நேர் முன்னால் வைத்த துணிவை நான் பெரிதாக மதிக்கிறேன். குழுவில் பாஸ் கிற்றார் வாசித்த கீசர் பட்லர் எழுதிய வரிகளையும் மறக்கக்கூடாது. ‘ஹான்ட் ஒஃப் டூம்’ வியற்நாம் போரிலிருந்து போதைக்கு அடிமையாகத் திரும்பியவர்களைப் பற்றியது, ‘இலெக்ரிக் ஃபியூனரல்’ அணுகுண்டு அழிவைப் பற்றியது. 1970 இன் இளைஞர்கள் உண்மையில் எதற்குப் பயந்தார்களோ அதைத்தான் இவர்கள் பாடினார்கள்.

உவர்மலையான்:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மகனோடு இருந்து, ஆசிரியை சொன்ன இடைவெளியைக் கவனித்து மறுபடியும் கேட்டேன். ‘வோர் பிக்ஸ்’ பாட்டின் தொடக்கத்தில் மெதுவான கிற்றாருக்குப் பின்னால் அபாயச் சங்கு எழுகிறதல்லவா? 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்ட காலையைப் பற்றி என் அம்மம்மா பலமுறை சொல்லியிருக்கிறார்; சீனன்குடாவில் எண்ணெய்க் குதம் எரிந்த புகையைச் சொல்லுமுன் அவர் வாயால் ஊதிக் காட்டுவது அந்தச் சங்கைத்தான். வறியவர்களைச் சண்டைக்கு அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள் என்று பாட்டு சொல்லும் இடத்தில் மகன் ஒலியைக் கூட்டினான். நான் தடுக்கவில்லை. அம்மம்மாவின் கதையை அவனுக்கு அப்போதுதான் முதன்முறையாகச் சொன்னேன்.