பிள்ளையைப் போட்டிக்கு அழைத்துச் சென்ற பெற்றோரின் அனுபவங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு தந்தை:

விளையாட்டு பிள்ளைகளுக்கு என்னென்ன கற்றுத்தரும் என்று பேசாதவர் இல்லை. பெற்றவர்களுக்கு அது என்ன கற்றுத்தருகிறது என்று நம்மில் யாரும் எழுதிப் பார்த்ததாகத் தெரியவில்லை என்பதால் நானே தொடங்குகிறேன்.

என் மகள் பதினான்கு வயதுக்குட்பட்டோர் பிரிவில் உயரம் தாண்டுகிறாள். குறுவட்டப் போட்டியில் முதலாவதாக வந்து, வருவாய் மாவட்டப் போட்டிக்காகக் காந்தி விளையாட்டரங்கத்துக்குச் சென்றாள். அங்கே அவளும் இன்னொரு சிறுமியும் 1.30 மீட்டர் வரை வந்தார்கள். இருவருமே அந்த உயரத்தை இரண்டாவது வாய்ப்பில்தான் தாண்டினார்கள். அடுத்த உயரத்தில் இருவருமே மூன்று முறையும் கம்பியைத் தட்டிவிட்டார்கள். முதலிடம் அந்தச் சிறுமிக்கு, இரண்டாமிடம் என் மகளுக்கு என்று அறிவித்தபோது, எங்கள் பக்கத்தில் அமர்ந்திருந்த உறவினர்கள் அத்தனை பேரும் இதில் ஏதோ அநியாயம் நடந்துவிட்டது என்றே பேசத் தொடங்கினார்கள்.

மகள் அவர்களோடு சேர்ந்துகொள்ளவில்லை. என்னைத் தனியே அழைத்துப்போய், நடுவரின் அனுமதியோடு மதிப்பீட்டுத் தாளைக் காட்டினாள். தாண்டினால் வட்டம், தட்டினால் பெருக்கல் குறி, அந்த உயரத்தைத் தாண்டாமல் விட்டுக்கொடுத்தால் சிறு கோடு என்று ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் கட்டம் கட்டமாகக் குறித்திருந்தார்கள். கடைசியாகத் தாண்டிய உயரத்தில் தவறிய எண்ணிக்கையும் சமமாக இருந்தால், அதுவரை தாண்டிய எல்லா உயரங்களிலும் யார் குறைவாகத் தவறினார் என்று பார்ப்பார்களாம். "இங்க பாருங்கப்பா" என்று அவள் விரல் வைத்த இடம் 1.15 மீட்டர்க் கட்டம். கண்ணை மூடிக்கொண்டு அவள் தாண்டக்கூடிய உயரம் அது. அங்கே ஒரு பெருக்கல் குறி இருந்தது. முதலிடம் பெற்ற சிறுமியின் அதே கட்டத்தில் வட்டம் மட்டுமே இருந்தது.

காலையில் நடந்த அந்தத் தட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எவரும் பொருட்படுத்தவில்லை. அடுத்த வாய்ப்பிலேயே தாண்டிவிட்டாள் அல்லவா! நான் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துபவன். இரண்டு ஜோடி ஒரே எடையில் வந்தாலும், எதில் சேதாரம் கூடியது என்பது கணக்கில் நின்றுவிடும் என்பதால் எனக்கு இந்த விதி உடனே பிடிபட்டது. அவளோ, எல்லாமே சமமாக இருந்தால் முதலிடத்துக்கு மறுபடியும் தாண்டவைப்பார்கள் என்றும், டோக்கியோ ஒலிம்பிக்கில் கத்தார் வீரரும் இத்தாலி வீரரும் 2.37 மீட்டரில் அப்படிச் சமமாக நின்று, மேலும் தாண்டாமல் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள் என்றும் வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

தோற்றுவரும் பிள்ளைக்குக் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது நம் கடமை என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது நமக்கு முன்பே பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. நாம் கேட்டால் காட்டும். அந்தத் தாளில் நான் கவனித்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலிடம் பெற்றவளின் வரிசையும் மூன்று பெருக்கல் குறிகளோடுதான் முடிந்திருந்தது. உயரம் தாண்டுதலில் வென்றவர்கூட இனி முடியாது என்ற இடத்தில்தான் பொதுவாக நிற்கிறார். நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் 1.86 தாண்டி வெள்ளியும், 2024 பாரிஸில் 1.85 தாண்டி வெண்கலமும் பெற்றார். ஊரில் பேச்செல்லாம் தங்கத்தைப் பற்றித்தான். என் மகள் தன் மேசைக்கு மேல் ஒட்டிவைத்திருப்பது பாரிஸ் படத்தை. ஏன் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

ஏற்காட்டிலிருந்து ஒரு தாய்:

ஐயா எழுதியதைப் படித்ததும் என் மகனின் 1500 மீட்டர் ஓட்டம் நினைவுக்கு வந்தது. மலையில் ஓடிப் பழகிய பிள்ளை சமவெளியில் பறப்பான் என்று எங்கள் எஸ்டேட்டில் எல்லாரும் சொல்வார்கள், நானும் நம்பியிருந்தேன். போட்டியன்று விடியற்காலைப் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, வழியில் இருமுறை வாந்தி எடுத்து, வெறும் வயிற்றோடு சேலம் வெயிலில் நின்றான். மூன்றாம் சுற்றுவரை முன்னணியில் இருந்தவன் கடைசிச் சுற்றில் ஏழாவது ஆளாக வந்து சேர்ந்தான்.

கண் பட்டுவிட்டது என்று என் மாமியார் அன்றிரவே உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டார். அவன் மறுக்காமல் உட்கார்ந்து சுற்றிக்கொண்டான். பிறகு என்னிடம் வந்து, அடுத்த முறை முந்தின நாளே இறங்கிவிடலாம், முடிந்தால் ஒரு வாரம் முன்பே அத்தை வீட்டில் தங்கி அந்த வெயிலில் ஓடிப் பழகிக்கொள்கிறேன் என்றான். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்று உடற்கல்வி ஆசிரியர் பின்னர் சொன்னதும் அதையேதான். திருஷ்டி கழிப்பதில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. ஆனால் நாத்தனாரிடம் பேசி இடம் கேட்டது அவன் சொன்ன பிறகுதான்.

ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை:

இருவரும் சொல்வதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன், ஏனெனில் பிள்ளைக்குக் காரணம் தெரிந்திருந்தாலும் அதற்கு அவன் தேடும் மருந்து சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. என் மகன் கபடி ஆடுகிறான். சப்-ஜூனியர் பிரிவுக்கு வயது 16, எடை 55 கிலோ என்பது அப்போதைய வரம்பு. முந்தின நாள் மாலை எடை பார்த்தபோது முள் 55-ஐத் தாண்டி அரைக் கிலோவுக்குமேல் போய் நின்றது. அன்றிரவு அவன் சோறும் உண்ணவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. விடிவதற்குள் எழுந்து, ஸ்வெட்டரின்மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். எச்சில் துப்பித் துப்பி உதடு வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

உடன் ஆடும் பிள்ளைகளும், வருத்தத்தோடு சொல்கிறேன், சில பெற்றோரும், இன்னும் ஒரு மணி நேரம் ஓடினால் இறங்கிவிடும் என்று அவனை ஊக்கப்படுத்தினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் இறுதிப் போட்டிக்கு முந்தின இரவு முழுவதும் எடை குறைக்க முயன்றதை அவன் எனக்கு உதாரணம் காட்டினான். அவ்வளவு முயன்றும் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் அவர் தகுதியிழந்ததையும், அவருக்கு வயது முப்பதை நெருங்கியிருந்ததையும், உடன் மருத்துவர்கள் இருந்ததையும் நான் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். வளரும் பிள்ளையின் உடம்பிலிருந்து நீரை வற்றவைத்துவிட்டு, அதே உடம்போடு ஏழு பேர் பிடிக்கக் காத்திருக்கும் களத்துக்கு ரெய்டு போகச் சொல்வது எந்தக் கணக்கிலும் சேராது. ஒரு சொம்பு மோரை அவன் குடித்து முடிக்கும்வரை அருகிலேயே நின்றேன். பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும்படி ஆசிரியரிடம் நானே சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது 58 கிலோ இருக்கிறான், எடை வரம்பு கூடுதலாக உள்ள ஜூனியர் பிரிவில் மாற்று ஆட்டக்காரனாகச் சேர்த்திருக்கிறார்கள். வயதில் மூத்த பையன்களிடம் மாட்டி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வருகிறான். ஏற்காட்டு அம்மாவுக்கு ஒன்று: மலை இறங்கும் அன்று காலையில் பால் கொடுக்க வேண்டாம், இரண்டு இட்லி போதும், முன் இருக்கையில் உட்காரவையுங்கள்.