சாரல், புழுதி, உப்புக்காற்று: பழைய டிவி கேமை ஓட வைக்கிறவங்க இங்க எழுதுங்க

செங்கோட்டையிலிருந்து

சாரல் ஆரம்பிச்சாச்சு. ஆரியங்காவு கணவாய் வழியா வர்ற ஈரக்காத்து ஆகஸ்ட் வரைக்கும் விடாது. பரண்ல கிடந்த டிவி கேமை, அதான் கேசட் சொருகி டிவியில ஆடுற பெட்டியை, இப்ப எடுத்து மாட்டினா வெறும் சாம்பல் திரை, இல்லேன்னா கோடு கோடா பாதி மரியோ. கேசட் செத்துப்போச்சுன்னு குப்பையில போட்டுடாதீங்க. உள்ளே இருக்கிற சிப் அவ்வளவு சீக்கிரம் சாகாது. பெரும்பாலும் கேசட் அடியில வரிசையா இருக்கிற அந்த 60 பின்னுல (உலோகப் பட்டையில) படிஞ்ச கறைதான் காரணம்.

முதல்ல, வாயால ஊதாதீங்க. ஊதின பிறகு ஓடுச்சேன்னு கேப்பீங்க. ஊதினதுனால ஓடலை, கழட்டி மறுபடி சொருகினதுல பின் வேற இடத்துல உரசிச்சு, அவ்வளவுதான். ஊதின எச்சில் ஈரம் பின்னுலேயே தங்கி அடுத்த மாசம் கறுப்பைக் கூட்டும்.

துடைக்க, மொபைல் சர்வீஸ் கடையில ஐ.பி.ஏ.ன்னு (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) கேட்டா தருவாங்க, 99 சதவீதம் உள்ளது வாங்குங்க. சானிடைசர் வேண்டாம், அதுல கிளிசரின் இருக்கு, பிசுபிசுன்னு ஒட்டிக்கும். காது குடையுற பஞ்சுக் குச்சியை நனைச்சு பின் ஓடுற திசையிலேயே, மேலிருந்து கீழா தேய்க்கணும். குறுக்கே தேய்ச்சா ஒரு பின்னு அழுக்கு அடுத்த பின்னுக்குப் போகும். குச்சி கறுப்பா வர்றது நின்னதும் காஞ்ச குச்சியால ஒரு தடவை, அப்புறம் பத்து நிமிஷம் காய விடுங்க. அதுக்கும் போகாத கறுப்புக்கு வெள்ளை ரப்பர். உப்புத்தாள் மட்டும் கூடவே கூடாது. மேல் பூச்சு ரொம்ப மெலிசு, ஒரு இழுப்புல செம்பு தெரிஞ்சிடும், செம்பு தெரிஞ்ச பின்னு ஒவ்வொரு சாரலுக்கும் கறுக்கும்.

பெட்டியோட ஸ்லாட்டையும் துடைச்சாகணும், இல்லேன்னா சுத்தமான கேசட் திரும்ப அழுக்காகும். பழைய ஏடிஎம் கார்டுல மெல்லிய வேட்டித் துணியை ஒரே சுத்து சுத்தி, ஐ.பி.ஏ. ரெண்டு சொட்டு விட்டு, நாலஞ்சு தடவை சொருகி எடுங்க. ரெண்டு சுத்து சுத்தினா தடிமன் கூடி ஸ்லாட் பின் விரிஞ்சிடும். விரிஞ்சதுக்கு மருந்தே இல்லை. மறக்காம, கரண்ட் வயரைக் கழட்டிட்டு செய்யுங்க.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து

செங்கோட்டை அண்ணாச்சி சொன்ன ஈரம் எங்க பக்கம் கிடையாதுங்க. பாலக்காடு ஜில்லான்னாலே மழைன்னு நினைப்பாங்க, சித்தூர் தாலுகா கிழக்கே வந்து பாத்தா தெரியும். இங்க கணவாய்க் காத்து கொண்டு வர்றது புழுதி. அது போய் உட்காருற இடம் ரிமோட்டு, அதான் கையில பிடிச்சு ஆடுற பட்டன் பெட்டி. ஏ பட்டனை நகம் வலிக்க அமுக்கினாதான் குதிக்குதுன்னா, பின்னாடி இருக்கிற ஸ்க்ரூவைக் கழட்டிப் பாருங்க. ரப்பருக்கு அடியில கறுப்பா வட்டமா ஒரு கார்பன் பொட்டு இருக்கும். போர்டை ஐ.பி.ஏ.வுல துடைக்கலாம், அந்தப் பொட்டைத் துடைக்காதீங்க, கார்பனே கையோட வந்துடும். காஞ்ச துணி போதும். பொட்டு தேஞ்சு பளபளன்னு இருந்தா 6பி பென்சிலை அழுத்தித் தேய்ங்க. கொஞ்ச நாளைக்குத் தாங்கும்.

இன்னொண்ணு அடாப்டர். 9 வோல்ட்னு எழுதியிருக்கும், மீட்டர் வெச்சுப் பாத்தா 12, 13 காட்டும். பயப்பட வேண்டாங்க, பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் லோடு இல்லாம அப்படித்தான் காட்டும். படத்துல அகலமா ஒரு பட்டை மெதுவா மேலே ஏறுது, கூடவே கொர்ர்னு சத்தம் வருதுன்னா அடாப்டருக்குள்ள இருக்கிற கெப்பாசிட்டர் காய்ஞ்சிருக்கும். 1000 மைக்ரோஃபாரட் போடுங்க, 16 வோல்ட் வேண்டாம், 25 வோல்ட் வாங்குங்க. காரணம் மேலே சொன்ன அந்த 13தான்.

புது அடாப்டர் வாங்கினா பிளக்கோட நடு முனை பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு கேம் பெட்டியில பாத்துட்டு மாட்டுங்க. பெட்டிக்குப் பெட்டி மாறும். 12 வோல்ட் அடாப்டரும் மாட்டாதீங்க. உள்ளே 7805னு ஒரு ரெகுலேட்டர் 5 வோல்ட்டா குறைக்குது, மிச்சமெல்லாம் சூடாத்தான் போகும். அரை மணி நேரத்துல கேம் உறைஞ்சு நிக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

செங்கோட்டையிலிருந்து

அடாப்டர் சூட்டுக்கு எறும்பு வந்து கூடு கட்டும், அதையும் சேத்துக்கங்க.

புளியரையிலிருந்து

பெட்டி ஓடினாலும் கேம் மாறிப்போச்சேன்னு புலம்புறவங்களுக்கு. நம்ம ஊர்ல ஓடின டிவி கேம் பலதும் பால் (PAL)ங்கிற டிவி முறை, நொடிக்கு 50 ஃபிரேம், அதாவது 50 படம். 1985-ல ஜப்பான்ல வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் 60-க்கு எழுதினது. அதுல டைம் ஒரு எண் குறைய 24 ஃபிரேம் ஆகும். அப்ப டைம் 400ங்கிறது அங்க 160 விநாடி, நம்ம பெட்டியில 192 விநாடி. பாட்டும் அதே கணக்குல மெதுவா. இப்ப போன்லயோ கம்ப்யூட்டர்லயோ எமுலேட்டர்ல (பழைய பெட்டி மாதிரியே ஓடுற மென்பொருள்ல) ஆடினா ஒவ்வொரு குழியிலும் விழறோம்னா வயசாயிடுச்சுன்னு நினைக்காதீங்க அண்ணாச்சி, விரல் 50-க்குப் பழகினது. எஃப்சிஇயுஎக்ஸ், மெசன்ங்கிற எமுலேட்டர் ரெண்டுலயும் ரீஜியன் அமைப்புல டெண்டின்னு ஒண்ணு இருக்கும், அதைப் போட்டா பழைய வேகம் வந்துடும்.

மரியோவுல 3-1 கட்டத்துப் படிக்கட்டுல ஆமையை மிதிச்சு உயிர் சேக்குறவங்க பாத்துச் சேருங்க. எண்ணிக்கை 128-ஐத் தொட்டா கேம் அதை மைனஸா படிக்கும், அடுத்த சாவுலேயே கேம் ஓவர். பத்துக்கு மேல போனா கிரீடம், இருபதுக்கு மேல போனா புரியாத பொம்மை வர்றதால எங்க இருக்கோம்னே தெரியாது. நூறு வாக்குல நிறுத்திக்கலாம்.

வாத்து சுடுற துப்பாக்கி எல்இடி டிவியில ஏன் சுடலைன்னு மாசம் ஒருத்தர் கேக்குறாங்க. விசையை இழுத்ததும் திரை ஒரு நொடித்துணுக்கு கறுத்து, வாத்து இருக்கிற இடத்துல வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கிக் கண் அந்த ஃபிரேமுக்குள்ள வெளிச்சத்தைத் தேடுது. புது டிவி படத்தைக் கொஞ்சம் தாமதிச்சுக் காட்டுறதால கண்ணு தேடும்போது அங்க ஒண்ணும் இருக்காது. பழைய குண்டு டிவி ஒண்ணுதான் வழி.

நீரோடியிலிருந்து

கடக்கரை ஆளுகளுக்கு வேற கதை மக்களே. இங்க கறுப்பு இல்ல, பச்சை. உப்புக்காத்துல செம்பு பூத்துரும். ஐ.பி.ஏ. அதைக் கரைக்காது. வெள்ளை வினிகரைக் குச்சியில தொட்டு பச்சை மேல மட்டும் வைங்க, ஒரு நிமிஷம் போதும். உடனே டிஸ்டில்டு வாட்டர், கடைசியா ஐ.பி.ஏ. வினிகர் மிச்சம் இருந்தா அதுவே அரிக்கும். கேசட்டுக்குள்ள கறுப்பா உருண்டையா ஒரு பொட்டு இருக்கும், அதுதான் சிப். அதுல விரிசல் தெரிஞ்சா மேல ஒண்ணும் செய்யாண்டாம், அந்தக் கேசட் முடிஞ்சு.

எடுத்து வைக்க மூடி இறுகுற முறுக்கு டப்பா நல்லது. அரிசி போடாதீங்க, மாவுத்தூள் பின்னுல ஒட்டும். சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலஞ்சு போடுங்க. நீலம் ரோஸ் ஆனா ஈரம் குடிச்சாச்சு, 120 டிகிரி வாக்குல சூடு காட்டினா திரும்ப நீலமாகும். அந்த நீலத்துல கோபால்ட் இருக்கு, தோசைக்கல்லுல போட்டுராதீங்க. பழைய தகர மூடி ஒண்ணை அதுக்குன்னே தனியா வைங்க.