லோரா மாட்யூல் கஸ்டம்ஸில் நிற்கிறது, எஃப்சிசி இருந்தும் இடிஏ கேட்கிறார்கள்: உதவி தேவை

தென்னந்தோப்பு
வணக்கம்ங்க. பொள்ளாச்சி பக்கம் நானும் தம்பியும் தோப்புக்கு மண் ஈரம் பார்க்கிற கருவி செய்றோம். தோப்புல நடுற ஒவ்வொரு கருவியும் (நோடு) 18650 லித்தியம் பேட்டரியில ஓடும், லோரா (குறைஞ்ச பவர்ல ரொம்ப தூரம் அனுப்புற ரேடியோ) வழியா மொட்டைமாடி கேட்வேக்கு (எல்லா நோடோட தகவலையும் வாங்குற பெட்டி) அனுப்பும். ஒரு நண்பர் கொடுத்த ரெண்டு போர்டுல நல்லா ஓடுச்சுன்னு 200 மாட்யூல் வெளிநாட்டுல ஆர்டர் போட்டோம். பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்குது. டபிள்யூபிசி-யோட (ரேடியோ அலைவரிசையைக் கவனிக்கிற மத்திய அரசுப் பிரிவு) இடிஏ சான்றிதழ் (ரேடியோ கருவிக்கான ஒப்புதல்) கேக்குறாங்க. எஃப்சிசி எண் மாட்யூல் மேலயே இருக்கு, சிஇ பேப்பரும் அனுப்பிட்டேன். ஏத்துக்கல. என்ன பண்றதுன்னு தெரியல, மழைக்கு முன்னாடி நோடு எல்லாம் நடணும்.

கோவை_ஆர்எஃப்
எஃப்சிசி அமெரிக்காவுக்கு, சிஇ ஐரோப்பாவுக்கு. இங்க ரெண்டும் செல்லாது. பேப்பரை விடுங்க, முதல்ல அலைவரிசையைச் சொல்லுங்க. தகர மூடி மேல என்ன எண் போட்டிருக்கு?

தென்னந்தோப்பு
915ன்னு இருக்குங்க. ப்ரோகிராம்லயும் US915னுதான் (அமெரிக்க அலைவரிசை அமைப்பு) இருக்கு.

வயர்மேன்2
சுய அறிவிப்புல இடிஏ எடுத்துடலாம் ப்ரோ. ஆன்லைன்ல ஃபார்ம் போட்டா முடிஞ்சுது.

கோவை_ஆர்எஃப்
வயர்மேன், தயவுசெஞ்சு அப்படிச் சொல்லாதீங்க, இவர் இன்னொரு தடவை பணம் விடுவார். சுய அறிவிப்புன்னாலும் ஆர்எஃப் டெஸ்ட் ரிப்போர்ட் ஏத்தணும். அதுவும் உரிமம் தேவைப்படாத அலைவரிசைக்குத்தான். இந்தியாவுல லோராவுக்கு அது 865-867 மெகாஹெர்ட்ஸ், 2021 விதியில 868 வரைக்கும் நீட்டினாங்க. டிரான்ஸ்மிட்டர் பவர் 1 வாட்டுக்குள்ள, பட்டை அகலம் 200 கிலோஹெர்ட்ஸுக்குள்ள இருக்கணும்.

தென்னந்தோப்பு அண்ணா, US915-ல நோடு அனுப்புறது 902.3-ல இருந்து 914.9 வரைக்கும். இங்க 890-915 செல்போன் டவரைப் பார்த்துப் பேசுற பட்டை. உங்க நோடு பேசுற நேரம் பக்கத்து டவர் காது கொடுத்துக் கேட்டுட்டு இருக்கிற இடம் அது. இதுக்கு எந்தப் பேப்பரும் வராது. பார்சலைத் திருப்பி அனுப்ப முடியுமான்னு கிளியரிங் ஏஜென்ட்கிட்ட கேளுங்க. கையில இருக்கிற ரெண்டு போர்டையும் இன்னிக்கே நிறுத்துங்க.

தென்னந்தோப்பு
நிறுத்திட்டேன் அண்ணா. தம்பி நம்பாம, அணைக்கிறதுக்கு முன்னாடி எஸ்டிஆர் டாங்கிள்ல (ரேடியோ சிக்னலைக் கம்ப்யூட்டர்ல காட்டுற சின்னக் கருவி) பார்த்தான். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 903.9-ல சிக்னல் எழும்புது. மனசு கஷ்டமாப் போச்சு. ப்ரோகிராம்ல IN865ன்னு (இந்திய அமைப்பு) மாத்தினா அதே மாட்யூல் போதாதா?

கோவை_ஆர்எஃப்
சிப் 865-லயும் ஓடும். ஆனா சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவுல இருக்கிற மேட்சிங் சர்க்யூட்டை 915-க்குன்னே செஞ்சிருந்தா பவர் இழப்பீங்க. இதைவிடப் பெரிய சிக்கல் ரிப்போர்ட்டுல இருக்கு. எஃப்சிசி ரிப்போர்ட் 902-928 மட்டும் அளந்தது, 865 பத்தி ஒரு வரி இருக்காது. ஐரோப்பிய மாட்யூல் வாங்கினாலும் கவனம்: அங்க வழக்கமான சேனல் 868.1, 868.3, 868.5. மூணும் நம்ம எல்லைக்கு வெளியே.

865-867-க்கு ஏற்கெனவே இடிஏ எடுத்த மாட்யூலை இங்கேயே வாங்குங்க. சான்றிதழ் நகல் கேட்டு, மாடல் எண்ணை எழுத்து எழுத்தா ஒப்பிடுங்க. கடைசியில ஒரு எழுத்து மாறினாலும் அது வேற மாடல்.

பேட்டரிபாய்
இடிஏ ரேடியோவுக்கு மட்டும்தான். 18650 செல்லுக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு தனி, ஐஎஸ் 16046 தரத்துப்படி. கேட்வே அடாப்டருக்கும் பிஐஎஸ் வேணும். ஆர்-ன்னு தொடங்கி எட்டு இலக்க எண் இருக்கும். கேட்வேயையும் நீங்களே செஞ்சு விக்கப்போறீங்கன்னா டிஇசி-யோட (தொலைத்தொடர்புத் துறையோட பொறியியல் மையம்) எம்டிசிடிஇ பட்டியலையும் (கட்டாயமா சோதிச்சு சான்றிதழ் வாங்க வேண்டிய கருவிகள்) பாருங்க, ஐஓடி கேட்வே அதுல வருது.

தென்னந்தோப்பு
மூணு வாரம் கழிச்சு எழுதுறேன். பார்சல் திரும்பிப் போச்சு, பாதிப் பணம் வந்துச்சு. இங்க ஒரு கடையில இடிஏ நகலோட 20 மாட்யூல் வாங்கினோம். சான்றிதழ்ல இருக்கிற மாடல் எண்ணையும் மூடியில இருக்கிறதையும் லென்ஸ் வெச்சு ஒப்பிட்டோம். கேட்வேயை நாங்க செய்யல, சான்றிதழ் இருக்கிறதா பார்த்து வாங்கிட்டோம். நேத்து சாயங்காலம் 865.0625-ல முதல் பாக்கெட் வந்துச்சு. இன்னிக்குக் காலையில தோப்போட கடைசி வரிசைத் தென்னையடியில ஒரு நோடை வெச்சோம், அதுவும் கேக்குதுங்க. கோவை அண்ணாவுக்கும் பேட்டரிபாய்க்கும் ரொம்ப நன்றி.